நாற்காலிக்கு அளவு கொடுத்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜட்கா நிற்கும் இடம் வரை நடந்து வந்துவிட்டேன். என் தங்கை ஆக்னஸ் பின்னாலேயே ஓடி வந்து ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டினாள். "ஏன்க்கா, ஒத்தைச் செருப்பை வழியிலயே வுட்டுட்டு வர்றே?" என்று சிரித்தாள். குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக மண்ணில் நின்றது. நல்ல வெயில். மண் சுட்டிருக்க வேண்டும். எனக்குச் சுடவில்லை.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு காலைக் கிள்ளிப் பார்த்தேன். பிறகு ஒன்றும் நடக்காதவள் போல எழுந்துபோய் உலை வைத்தேன். பயந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதுதான் என்று பின்னால் ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன்.

என்னைப் போல இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடக்கும் யாராவது ஒருத்திக்கு உதவும், எழுது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எழுதுகிறேன். ஆனால் தைரியம் சொல்லும் எழுத்து வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விவரமாகத் தெரிந்தது பயம் ஒன்றுதான்.

அப்போது நாங்கள் அல்சூரில், ஏரிக்குப் போகும் சரிவில் குடியிருந்தோம். இப்போதும் அதே வீடுதான். வீட்டுக்காரர் அந்தோணி மிலிட்டரி ஸ்டோரில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே மகள், ரோஸி. அவள் அப்போதுதான் நடக்கப் பழகி, நடப்பது போதாதென்று ஓடத் தொடங்கியிருந்தாள். எனக்குப் பல மாதங்களாக முதுகுவலி. பிள்ளையைத் தூக்கித் தூக்கி வந்த வலி என்று என் அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். எண்ணெய்க்கெல்லாம் அடங்கும் வலியாக அது இல்லை. செருப்பு கழன்ற பிறகு கால்கள் நாளுக்கு நாள் கனத்தன. ஒரு காலையில் கட்டிலைவிட்டு இறங்கினேன், கீழே விழுந்தேன், அவ்வளவுதான்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு இருந்தது. உட்கார முடியாததால் என்னை அதில் படுக்க வைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார வேண்டிய நோயாளிகள் எல்லாம் என் காலடியில் நின்றார்கள். யாரோ ஒரு அம்மாள் என் பாதத்தின் மேல் பையை வைத்துவிட்டு மறந்துபோனாள். எனக்கும் தெரியவில்லை. அந்தோணிதான் பார்த்து எடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் முதல்முறையாக அழுதேன்.

டாக்டர் கன்னடக்காரர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது எலும்புக் க்ஷயம்மா. ஹெதர்கோபேடி, பயப்பட வேணாம். நுரையீரல் சுத்தமா இருக்கு. இருமல் இல்ல, யாருக்கும் ஒட்டாது," என்றார். க்ஷயம் என்றால் நமக்கெல்லாம் இருமலும் ரத்தமும்தான் ஞாபகம் வரும். அதே கிருமி முதுகெலும்பிலும் குடியேறுமாம். முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல, சின்னச் சின்னக் கட்டைகளை அடுக்கி வைத்தது. கிருமி அரித்த கட்டை நொறுங்கி உட்காரும்போது, நடுவில் ஓடும் நரம்புத் தண்டு நசுங்கிவிடுகிறது. மூளை காலுக்கு அனுப்பும் சேதி வழியிலேயே நின்றுவிடுகிறது. டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார். எல்லாம் புரிந்தது. புரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது.

ஒட்டாது என்று அவர் சொன்னதை நான் நம்பினேன், எங்கள் தெரு நம்பவில்லை. ரோஸியை யாரும் தங்கள் வீட்டுக்குள் விளையாட விடவில்லை. என் அம்மாவோ எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பதற்கே அலைந்தாள். அந்தோணியின் அக்கா மேரி அண்ணி, தங்கவயலில் இருப்பவர், ரயிலேறி வந்தார். அவர் புருஷன் சுரங்கத்தில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுந்து நடமாடற வரைக்கும் கொழந்தை எங்கிட்ட இருக்கட்டும், பிலோ. கண்ணாட்டம் பாத்துக்கறேன்," என்றார். அவர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. நான்தான் எழுந்து நடமாடுவேனா என்று சந்தேகமாக இருந்தது.

என்னை ஒரு அச்சில் போட்டார்கள். மாவுக்கட்டுப் போடும் ஈரச் சுண்ணமாவில் தோய்த்த துணியை முதுகின் மேல் அடுக்கடுக்காகப் பரப்பிக் காயவிட்டு, என் உடம்பின் வடிவத்திலேயே ஒரு ஓடு செய்தார்கள். அதில் மல்லாந்து படுக்க வேண்டும். முதுகு அசையாமல் இருந்தால்தான் எலும்பு கூடும். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் போய் வெயில் வந்தது. எல்லாவற்றையும் வராந்தாக் கூரையைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். காற்றும் வெயிலும் முட்டையும் மீன் எண்ணெயும்தான் அன்றைக்கு இருந்த மருந்து. மீன் எண்ணெயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அண்ணி ரோஸியை ஒருமுறை அழைத்து வந்தார். பிள்ளை வாசல் கதவோரம் நின்று என்னைப் பார்த்தது. நான் தலையைத் திருப்ப முடியாமல் கூரையோடு பேசினேன். "ரோஸி, அம்மாகிட்ட வாடா." அவள் வரவில்லை. அண்ணியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள் என்று பிறகு ஆக்னஸ் சொன்னாள். அதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கடைசியில் ஒருநாள் டாக்டர் புதுப் படத்தோடு வந்தார். "எலும்பு கூடிருச்சு. நோய் நின்னுடுச்சு. கால்..." என்று நிறுத்தினார். பிறகு, "ஒரு நாற்காலி பாருங்கம்மா, சக்கரம் வெச்சது," என்றார். நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே மூச்சில் வந்தால் எதற்கு முகம் காட்டுவது என்று தெரிவதில்லை. நான் தாங்க்யூ என்று சொன்னேன்.

இதைக் கேள்விப்பட்டு அண்ணி தனியாக வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து புடவை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "தப்பா நெனைக்காதே, பிலோ. கொழந்தை இப்ப ஒரு இடத்துல நிக்கறதில்ல. உங்க வீடு சரிவுல இருக்கு. கேட்டைத் தாண்டினா ஜட்கா ரோடு. தம்பி ஆபீசுக்குப் போய்ட்டா ஓடற பிள்ளைய யாரு புடிப்பா? நீ எழுந்து நடமாடற வரைக்கும்னுதானே அன்னிக்குப் பேசினோம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "நாற்காலி வரட்டும் அண்ணி. நான் பழகறேன். அப்பறம் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை, இரக்கம்தான் இருந்தது.

முதலில் வந்தது ஒரு துரையின் நாற்காலி. சீமைக்குத் திரும்பிய குடும்பத்தின் சாமான்களை ஏலம் விட்டபோது அந்தோணி எடுத்து வந்தார். உயர்ந்த பிரம்பு முதுகு, காலுக்கு நீட்டுப் பலகை, பின்னால் தள்ளுவதற்குப் பித்தளைப் பிடி. பார்க்க சிம்மாசனம்தான். வார்டே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் சக்கரங்கள் மூன்றும் சின்னவை, அடியில் எங்கோ இருந்தன. என் கைக்கு எட்டவே எட்டாது. தள்ள ஆள் வந்தால் போவேன், அந்த ஆள் டீ குடிக்கப் போனால் அங்கேயே நிற்பேன். "இதுல நான் மூட்டைங்க," என்றேன் அந்தோணியிடம். "கையாலே ஓட்டறது வேணும்." அவர் அதைத் திருப்பி எடுத்துப் போனார்.

பிளாக்பள்ளி மார்க்கெட் பக்கம் சவரிமுத்து மேஸ்திரி என்று ஒருவர் ஜட்காவுக்குக் கூண்டும் சக்கரமும் செய்வார். எங்கள் கோயில் பங்கில் யார் செத்தாலும் சவப்பெட்டி செய்வதும் அவர்தான். செய்யச் சொல்லிப் பார்ப்போம் என்று அந்தோணி அவரை ஆஸ்பத்திரிக்கே அழைத்து வந்தார். அவர் மடக்கு அளவுகோலைக் கையில் பிடித்தபடி வார்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எதிர்க்கட்டில் அம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் நேராக என் கட்டிலை நோக்கி வந்தார்.

கட்டிலோரம் ஆக்னஸோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து குறுக்கே நின்றாள். "படுத்திருக்கற பிள்ளை மேல அந்தக் கோலை வெக்கக் கூடாது," என்றாள். அந்தோணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேஸ்திரிகூட, "நாக்காலிக்குத்தாம்மா, பெட்டிக்கு இல்ல," என்றார். பெட்டி என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். ஆக்னஸும் நானும் ஒரே உயரம். கல்யாணத்துக்கு முன் ஒருவர் ரவிக்கையை ஒருவர் போட்டுக்கொண்டவர்கள். அவளை உட்கார வைத்து அளந்தால் போகிறது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். ஆக்னஸ் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், மேஸ்திரி அளந்தார், வார்டில் மறுபடி பேச்சு தொடங்கியது.

நாற்காலி வந்தது. இரண்டு பக்கமும் பெரிய சைக்கிள் சக்கரங்கள், பின்னால் சின்னதாக ஒன்று. பெரிய சக்கரங்களுக்கு வெளியே கையால் உருட்ட வழவழப்பான மரவளையம். தடவிப் பார்த்தபோது ஒரு கம்பியில் சாயம் போன சிவப்பு ரிப்பன் முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டது. ரோஸி கட்டியது. அந்தோணியின் சைக்கிளில் கட்டியது. சைக்கிள் ரிப்பேரில் இருக்கிறது, ரிப்பேரில் இருக்கிறது என்று அவர் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. "ஆபீஸ் என்ன, கூப்பிடு தூரம்," என்றார். கூப்பிடு தூரமெல்லாம் இல்லை.

என்னைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். உடனே இடது பக்கமாகச் சாய்ந்தேன். நிமிர்த்தினார்கள், வலது பக்கம் சாய்ந்தேன். ஆக்னஸ் மூன்று வேளை சாப்பிட்டு நடமாடுகிறவள். நான் ஓட்டில் கிடந்து எலும்பாகிப்போனவள். இதை எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. இருக்கை எனக்கு அகலம். கைப்பிடி தோளைத் தூக்கியது. சக்கரத்தை எட்ட இறக்கை விரிப்பதுபோல் கைகளை விரிக்க வேண்டியிருந்தது. விரித்தால் தள்ள பலம் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். வந்த நாற்காலியையும் வேண்டாம் என்றால் ரோஸி வர இன்னும் தள்ளிப்போகுமே என்ற பயம்.

வாயை மூடியிருந்ததற்குக் கூலி கிடைத்தது. துடைத்துவிட வந்த மேட்ரன், ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்மணி, என் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எத்தனை நாளா இந்த சிவப்பு இருக்கு?" எனக்கு எப்படித் தெரியும்? உணர்ச்சி உள்ளவர்கள் உட்கார்ந்த இடத்தில் தங்களை அறியாமலே அசைந்துகொடுக்கிறார்கள். எனக்கு வலிக்காது, அதனால் அசைய மாட்டேன். ஒரே இடம் அழுந்தி ரத்தம் ஓடாமல் தோல் செத்துப்போகும். அதுதான் படுக்கைப்புண். "இது திறந்துச்சுன்னா திரும்பவும் மாசக்கணக்கில் குப்புறப் படுக்கணும். சில பேர் இதிலேயே போயிடறாங்க. கரெக்ட் அளவில் சேர் இல்லன்னா உட்கார விடமாட்டேன்," என்றார்.

அந்தோணி மறுபடி மேஸ்திரியை அழைத்து வந்தார். அம்மா மறுபடி எழுந்தாள். "நீ வெளியே போய் செபமாலை சொல்லும்மா," என்றேன். "பெத்த வயிறு கேக்க மாட்டேங்குதுடி," என்றாள். "என் வயிறும் கேக்க மாட்டேங்குது. என் பிள்ளை தங்கவயல்ல இருக்கு," என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

மேஸ்திரி கோலை விரித்தார். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால். ஒவ்வொன்றுக்கும் கோல் உடம்பில் படுவதைப் பார்க்கும்போது, இவர் கைக்குப் பழக்கம் எதுவோ அதையே செய்துவிடுவாரோ, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே கோடாக அளந்துவிடுவாரோ என்று நடுங்கினேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொறந்துக்கம்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எனக்கே ஒரு மாதிரியா இருக்குது." திறந்துகொண்டேன். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே மீதி அளவையும் எடுத்து முடித்தோம்.

சரியான நாற்காலி வந்த பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. அதுவரை பயந்தது படுத்துக்கொண்டு பயந்த பயம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் பாலம் போல வைத்து, கையை ஊன்றி ஊன்றி உடம்பை நகர்த்த வேண்டும். கால்கள் பின்னால் தானாக வரா, ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு, நினைவு வரும்போதெல்லாம் கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கிக் கொஞ்சம் பொறுத்து இறக்க வேண்டும், தோல் மூச்சு விட. மேட்ரன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "லிஃப்ட்" என்று ஒரு அதட்டல் போடுவார். இப்போதும் யாராவது அதட்டினால் என் உடம்பு தானாக எழும்புகிறது.

ஓட்டுவதில் கஷ்டம் உருட்டுவது இல்லை, நிறுத்துவது. சலவைக்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு சரிவு இருந்தது. முதல்நாள் அதில் நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. வளையத்தை விட்டுவிட்டு முகத்தைக் கையால் மூடினேன். துணி மூட்டைகளில் போய் முட்டி முன்பக்கமாக விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அப்படியே கிடந்து, வேண்டாம், பிள்ளை அங்கேயே இருக்கட்டும், அண்ணி சொன்னதுதான் சரி என்று அழுதேன். மேட்ரன் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "கையை விட்டது தப்பு. பயந்தால் இன்னும் கெட்டியாப் பிடி," என்றார். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் இரண்டு வளையங்களையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்தால் நாற்காலி அந்தப் பக்கமாகச் சுழன்று நின்றுவிடும். கை கொப்பளித்தது, உடைந்தது, காய்த்தது. பயம் மட்டும் காய்க்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அந்தோணி வாசற்படிகளின் மேல் பலகை போட்டிருந்தார். நான் கொஞ்சம் தேறட்டும் என்று இருந்து, பிறகு அண்ணிக்குச் சொல்லி அனுப்பினோம்.

அண்ணி ரோஸியோடு வந்தார். இருவர் துணியும் ஒரே டிரங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டியைக் கூடத்தில் வைத்தார், திறக்கவில்லை. ரோஸி வளர்ந்திருந்தாள். என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்தும் என் பக்கம் வரவில்லை. அந்தோணி ஆபீசுக்குப் போயிருந்தார். அண்ணி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து, வேறு எதையோ பார்ப்பதுபோல் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டில் ஒரு ஜட்கா போயிற்று. குதிரையின் சலங்கைச் சத்தம் கேட்டு ரோஸி நிமிர்ந்தாள். கேட் திறந்து கிடந்தது. "குதிரை!" என்று ஓடினாள். பின்னாலேயே இன்னொரு ஜட்கா சரிவில் வேகமாக இறங்கி வரும் சத்தம்.

பலகையில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. முற்றம் முழுக்கச் சரிவு. இந்தமுறை நான் அழுத்தவில்லை, ஓடவிட்டேன். அவளைக் கடந்ததும் வலது வளையத்தை உயிர் போகப் பிடித்தேன். உள்ளங்கை தீய்ந்தது. நாற்காலி சுழன்று கேட்டுக்குக் குறுக்கே நின்றது. ரோஸி வந்து சக்கரத்தில் மோதி, என் மடியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே ஜட்கா கடகடவென்று போயிற்று.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயெல்லாம் சிரிப்பு. "நீ என்னை ஜெயிச்சுட்டே," என்றாள். "இன்னொரு தடவை ஓடறேன். புடி." அவள் கவுனைப் பிடித்த கையை என்னால் விட முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் அண்ணி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. திரும்பி உள்ளே போனார்.

ரோஸி பின்னால் நின்று தள்ளுவதாக எண்ணிக்கொண்டு தள்ள, நான் மேலே ஏறி வந்தேன். கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. அண்ணி ரோஸியின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து, என் கைக்கு எட்டும் அலமாரித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"காலையில பால் குடுத்தா, மேல இருக்கற ஆடையை எடுத்துட்டுக் குடு," என்றார். "இல்லன்னா துப்பிடுவா."

என் மகளுக்குப் பாலாடை பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது. "சரிங்க அண்ணி," என்றேன்.